ஊறுகாய் ஜாடியும் கடற்கரைக் கொடியும்

மாங்காயைத் துண்டு போட்டு, கல்லுப்பைப் பிசறி, ஜாடியில் மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. காலையில் திறந்தால் துண்டுகள் நீரில் நிற்கின்றன. அவ்வளவு நீரும் மாங்காய்க்குள் இருந்ததுதான். உப்பு அதை வெளியே இழுத்துவிட்டது. உயிரணுவின் சவ்வுக்கு வெளியே உப்பு கூடினால் உள்ளிருக்கும் நீர் அந்தப் பக்கம் நகரும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உப்பும் உள்ளே இறங்கும். துண்டு சுருங்கும், வளைந்து கொடுக்கும், பச்சை நிறம் போய்ப் பழுப்பாகும்.

கடலிலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள் இருக்கும் வீட்டில் மல்லிகைக் கொடிக்கு நடப்பதும் இதேதான். பழவேற்காட்டிலிருந்து வேதாரண்யம் வரை, கடலைப் பார்த்து வீடு கட்டியவர்கள் நர்சரிக்குப் போய்ப் பூவைப் பார்த்துக் கொடி வாங்குகிறார்கள். தை மாதம் தளதளவென்று வந்த கொடி, சித்திரையில் ஓரம் கருகி நிற்கிறது. வெயில் தாங்கவில்லை என்று நினைத்து இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றுகிறார்கள். மண்ணில் எவ்வளவு ஊற்றினாலும் இலை உப்பில் ஊறிக்கொண்டேதான் இருக்கும். எந்தக் கொடி அங்கே பிழைக்கும் என்ற கேள்விக்கு விடை, எந்தத் தோலை உப்பு சீக்கிரம் துளைக்காது என்பதில் இருக்கிறது.

உப்பு எப்படி வந்து சேர்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அலை உடையும்போது காற்றையும் உள்ளே அடக்கிக்கொண்டு உடைகிறது. வெண்ணுரையில் இருக்கும் குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது நுண்துளிகள் தெறிக்கின்றன. பெரிய துளி மணலிலேயே விழுந்துவிடும். சிறியதைக் காற்று தூக்கிக்கொண்டு வரும்; வரும் வழியிலேயே அதன் நீர் ஆவியாகி உப்பு செறிவாகும். கரையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டரில் இந்தப் படிவு மிக அதிகம், அதற்கப்பால் மளமளவென்று குறைந்துவிடும். முதல் தெருவில் கருகும் கொடி மூன்றாம் தெருவில் செழிப்பது இதனால்தான். ஊருக்குள் இருக்கும் உறவினர் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக் கடலோர வீட்டுக்குக் கொடி வாங்கக் கூடாது.

சென்னைப் பக்கம் கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று ஏறும். நமக்கு அது வரம். இலைக்கு அது தினமும் ஒரு தூவல் உப்பு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று கடலிலிருந்து இரவும் பகலும் வீசினாலும், கூடவே மழையும் வருவதால் இலை கழுவப்பட்டுவிடுகிறது. பங்குனியிலிருந்து ஆனி வரை, மழையே இல்லாமல் காற்று மட்டும் வீசும் மாதங்கள்தான் பொல்லாதவை.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று, உப்பு இரவிலும் வேலை செய்கிறது என்பது. காய்ந்த உப்பு இலைமேல் பொடியாகக் கிடக்கும்வரை பெரிய தீங்கில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு கசிவதும் இதனால்தான். கடற்கரையில் இரவு ஈரப்பதம் பெரும்பாலும் அந்த அளவுக்கு மேலேதான் இருக்கிறது. ஆக, பகலில் படிந்தது இரவில் கரைசலாகி, விடியும்வரை இலையின் தோலில் வழி தேடிக்கொண்டிருக்கும்.

அந்தத் தோல் எவ்வளவு முக்கியம் என்பது மாவடு போடுபவர்களுக்கு நன்றாகத் தெரியும். வடுவைக் காம்போடு வைத்து, அடிபட்டதையும் கீறல் விழுந்ததையும் பொறுக்கித் தள்ளிவிட்டு, விளக்கெண்ணெய் தடவிய பிறகே உப்பில் போடுவார்கள். தோல் முழுசாக, எண்ணெய்ப் பூச்சோடு இருப்பதால் வடு சுருங்க நாலைந்து நாள் பிடிக்கும். வெட்டிய துண்டுக்கு ஒரு ராத்திரி போதும். இரண்டிலும் அதே உப்பு, அதே காய். தோல் இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம்.

இலையின் மேற்புறத்திலும் மெழுகுப் பூச்சு இருக்கிறது. சில செடிகளில் தடிப்பாக, சிலவற்றில் பெயருக்கு. அமெரிக்காவில் வட கரோலினா கடற்கரைத் தாவரங்களை ஆராய்ந்த ஸ்டீபன் பாய்ஸ் 1954-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் முக்கியமானது. காற்றில் இலைகள் ஆடி உரசுவதால் விழும் நுண்கீறல்கள் வழியாக உப்புத் துளியின் குளோரைடு உள்ளே நுழைந்து இலையைக் கெடுக்கிறது என்று அவர் காட்டினார். கடற்காற்று உப்பையும் கொண்டுவருகிறது, அது நுழைய இலையைக் கீறியும் விடுகிறது. காற்றைத் தணித்தால் உப்பின் வீரியம் பாதி அடங்கிவிடும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். பந்தலையும் வேலியையும் பற்றிப் பின்னால் சொல்லப்போவதெல்லாம் இதை வைத்துத்தான்.

கருகிய இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நுனியிலும் ஓரத்திலும் காவி நிறத்தில் காய்ந்திருக்கும். அதை ஒட்டி மெல்லிய மஞ்சள் கரை. நடு நரம்பின் இருபுறமும் இன்னும் பச்சை. குளோரைடு நுழைந்த இடத்திலேயே நிற்பதில்லை. இலைக்குள் ஓடும் நீரோடு போய் நுனியிலும் விளிம்பிலும் சேர்கிறது. இப்போது கொடியை ஒருமுறை சுற்றி வாருங்கள். கடல் பார்த்த பக்கம் கருகி, வீடு பார்த்த பக்கம் பச்சையாக இருந்தால் அது காற்றில் வந்த உப்பு. நாலு பக்கமும் ஒரே சீராக, முதிர்ந்த அடியிலைகளில் தொடங்கிக் கருகினால் உப்பு வேர் வழியாக ஏறுகிறது. கிணற்று நீரைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

நர்சரியில் பூவைப் பார்க்கும் முன் இலையைத் தொட்டுப் பாருங்கள். தடிப்பாக, வழவழப்பாக, மடக்கினால் கிழியாமல் வளைகிற இலை நல்லது. அகலமாகவும் மெல்லியதாகவும், விரல் நகம் பட்டதும் கறுக்கிற இலை முதல் வரிசைக்கு ஆகாது. வாழையிலை போல் விரிந்த இலையும் வேண்டாம். காற்றில் அதிகம் அடிபடும். சதைப்பற்றுள்ள இலைக்கும் தண்டுக்கும் இன்னொரு வசதி உண்டு: உள்ளே நீர் நிறைய இருப்பதால், நுழைந்த உப்பு நீர்த்துப்போகிறது. யூரியா போட்டு நிழல்வலைக்குள் வளர்த்த கொடி கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் தோல் கெட்டிப்படாத தளிர் அது. கொஞ்சம் மெலிந்து, வெயிலில் நின்று, முற்றிய இலையோடு இருக்கும் கொடியை வாங்குங்கள்.

இந்த இலக்கணத்துக்கு முழு உதாரணம் வேண்டுமென்றால் கடற்கரைக்கே போய் அடும்பங்கொடியைப் பாருங்கள். ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த, தோல் போன்ற தடித்த இலை, கணுவுக்குக் கணு வேர், ஊதாப் பூ. அலை எட்டும் இடத்துக்குச் சற்று மேலேயே மணலைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அது தரையில் படரும் கொடி, பந்தலில் ஏறாது. ஆனாலும் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே அடும்பும் இராவணன் மீசைப் புல்லும் இருந்தால் பறக்கும் மணலில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். உங்கள் தோட்டத்து இலையைக் கீறுவது குறையும். அதைக் குப்பைக்கொடி என்று வழித்தெடுத்துவிட்டு வெறும் மணலாக்கும் வேலையை எத்தனையோ விடுதிகளும் பங்களாக்களும் செய்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். காசு கொடுத்து எந்தக் கொடி வைத்தாலும் அதன் வேலைக்கு ஈடாகாது.

தோட்டத்துக்குள் வந்தால், முதல் வரிசைக்கு என் முதல் தேர்வு காகிதப்பூ. போகன்வில்லா என்று கேட்டால்தான் நர்சரியில் தருவார்கள். பிரேசிலைச் சேர்ந்த கொடி. 1760-களில் பூகன்வீல் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் உலகப் பயணத்தில் உடன்போன தாவரவியலாளர் கொமெர்சோன் ரியோ டி ஜெனீரோவில் சேகரித்து, தலைவரின் பெயரை வைத்தார். உப்புக் காற்றையும் வறட்சியையும் ஒருசேரத் தாங்கும். பலமான காற்றில் வண்ண மடல்கள் கிழிந்து பறந்துவிடும், கொடிக்கு ஒன்றும் ஆகாது. மண் கொஞ்சம் காய்ந்திருந்தால்தான் நன்றாகப் பூக்கும். கடலோர மணல் அதற்குத் தோதாக அமைகிறது. நீர் தேங்கினால்தான் அழுகும். நடும்போது ஒரு கவனம்: இதன் வேர் சுலபத்தில் முறியும். பையைப் பிடித்து இழுக்காமல், பிளேடால் கிழித்து, மண் கட்டி உதிராமல் குழியில் இறக்குங்கள். உரம் அதிகம் போட்டால் பூவுக்குப் பதில் இளந்தண்டும் மெல்லிய இலையுமாகக் கிளம்பும். உப்புக்கு அதுவே முதல் இரையாகும்.

பிரண்டையைத் தோட்டக் கொடியாக யாரும் எண்ணுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. துவையலுக்குப் பறிக்கிறோம், கடலோரப் புதர்களில் தானே ஏறி நிற்பதையும் பார்க்கிறோம், வேலிக்கு வைக்கலாம் என்று மட்டும் தோன்றுவதில்லை. நாற்பட்டைத் தண்டு முழுக்கச் சதை. இலை சிறியது, கொஞ்சம்தான் இருக்கும், வேண்டாதபோது உதிர்த்துவிடும். அந்தத் தண்டு பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து காற்றை வாங்கிக்கொள்ளும் வகை என்பதால் நீர்ச் செலவு மிகக் குறைவு. ஒரு சாண் துண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு, மணலில் செருகினால் போதும். பூவுக்காக ஏங்குபவர்களுக்கு அது ஈடு செய்யாது, கம்பிவலையை மறைக்க நன்றாக உதவும்.

சங்கங்குப்பி உப்பங்கழி ஓரங்களில் தானாக வளர்வது. சாய்ந்து படரும் புதர்க்கொடி. சிறிய வழவழப்பான இலை, வெண்ணிறப் பூ. கடல் பக்கம் வேலியாக வெட்டி வளர்த்தால் பின்னால் இருக்கும் எல்லாவற்றுக்கும் அதுவே காவல். சுவரோடு பற்றுவேரால் ஒட்டிப் படரும் ஃபைகஸ் பியூமிலாவும் ஓரளவு தாங்கும், ஆனால் பெயின்ட்டையும் பூச்சையும் உரித்துவிடும் என்பதால் வீட்டுச் சுவரில் ஏற்ற வேண்டாம்.

இலைக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது, கொடி எதைக்கொண்டு பிடித்துக்கொள்கிறது என்பது. காகிதப்பூ முள்ளை மாட்டி மேலே சாயுமே தவிர, தானாகப் பிடித்துக்கொள்ளாது, கட்டிவிட வேண்டும். சங்குப்பூவும் ரங்கூன் மல்லியும் தண்டால் சுற்றி ஏறும். கம்பியில் சுற்றிய தண்டு காற்றில் உரசி உரசிப் பட்டை தேய்ந்துவிடும். காற்றை மிக நன்றாகச் சமாளிப்பவை பற்றுக்கம்பியால் ஏறுகிறவை. கொடிகளின் இயக்கம் பற்றி 1865-ல் எழுதிய சார்லஸ் டார்வின், புயற்காற்று வீசும்போது வேண்டுமென்றே வேலியோரம் போய் நின்று பிரையோனி என்ற கொடியைக் கவனித்திருக்கிறார். சுற்றியிருந்த கிளைகள் அல்லாடின. பிரையோனி அறுபடாமல் தாங்கியது. அதன் பற்றுக்கம்பி பிடித்த பிறகு சுருள்வில்லாகச் சுருண்டுகொள்வதால், காற்று இழுக்கும்போது நீண்டு, விட்டதும் சுருங்கிவிடுகிறது. பிரையோனி பூசணிக் குடும்பம். நம் வேலிகளில் ஏறும் கோவைக்கொடியும் அதே குடும்பம்தான். அதன் பற்றுக்கம்பியை உற்றுப் பாருங்கள். பாதி தூரம் வலமாகச் சுருண்டு, நடுவில் ஒரு நேர்த்துண்டு விட்டு, மீதி இடமாகச் சுருண்டிருக்கும். இலை ஓரளவு கருகினாலும் கிழங்கு போன்ற வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். காயும் சமையலுக்கு ஆகும். எல்லை தாண்டிப் பரவும் என்பதால் கத்தரிக்கோலை மட்டும் கையில் வைத்திருங்கள்.

ரங்கூன் மல்லி, அலமண்டா, சங்குப்பூ ஆகியவற்றை வேலிக்குப் பின்னால், இரண்டாம் வரிசையில் வையுங்கள். நேரடிக் காற்று படாமல் இருந்தால் நன்றாகவே வரும். அலமண்டாவின் பால் நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் யோசித்து வையுங்கள். மல்லிகை, முல்லை, ஜாதிமல்லிக்கு இடம் வீட்டின் மேற்குப் பக்கம். கடலுக்கு வீடே மறைப்பாக நிற்கும்போது அவை கருகுவதில்லை. மணத்தை மாலையில் அந்தப் பக்கத் திண்ணையில் உட்கார்ந்து அனுபவிக்கலாம். மணி பிளான்ட்டும் பெரிய நீலப்பூத் தன்பெர்ஜியாவும் கடல் பார்த்த பால்கனிக்கு உகந்தவை அல்ல. கொடி ரோஜா என்று விற்கும் ஆன்டிகோனானைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். தாங்கும்தான், ஆனால் காலி மனைகளையும் மரங்களையும் மூடிவிடும் வெளிநாட்டுக் கொடி அது. நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

காற்றைத் தணிப்பதில் நம்மவர்கள் செய்யும் தவறு, கடல் பக்கம் கனத்த காம்பவுண்டுச் சுவர் எழுப்புவது. முழுச்சுவரில் மோதிய காற்று மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று இறங்கும். சுவருக்குச் சற்றுப் பின்னால் வைத்த கொடி அதில் மாட்டிக்கொள்ளும். காற்றைப் பாதி விட்டுப் பாதி தடுக்கும் மறைப்பே நல்லது. தென்னங்கீற்றுத் தட்டி, மூங்கில் படல், இடைவெளி விட்டுக் கட்டிய செங்கல் ஜாலி எதுவானாலும் சரி. அப்படிப்பட்ட மறைப்பு, தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைத் தணிக்கும். இடம் இருப்பவர்கள் புன்னை, பூவரசு, தாழை வைக்கலாம். அவை கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவை; உப்பு முதலில் அவற்றின் தடித்த இலையில் படிந்து நின்றுவிடும்.

பந்தலுக்குச் சாதாரண இரும்புக் கம்பி போட்டால் துரு தின்றுவிடும், ஜி.ஐ. கம்பியும் நீண்டநாள் நிற்காது. எவர்சில்வரில் 304 என்ற ரகமும் கறை பிடிக்கும். மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம்தான் கடற்கரைக்கு. செலவு அதிகம் என்றால் சவுக்குக் கம்பும் தேங்காய்நார்க் கயிறும் போதும். கயிறு இற்றுப்போனால் மாற்றிக்கொள்ளலாம். கொடியைப் பந்தலின் கடல் பார்த்த பக்கம் ஏற்றுங்கள். காற்று கொடியைப் பந்தலோடு சேர்த்து அழுத்தும். மறுபக்கம் ஏற்றினால் ஒவ்வொரு வீச்சும் அதைப் பந்தலிலிருந்து பிய்க்கப் பார்க்கும். கட்டும்போது தண்டுக்கும் கம்பிக்கும் நடுவே கயிற்றை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள், உரசாது.

உப்பைக் கழுவிவிட்டால் மாங்காய் ஊறாது. காற்று பலமாக அடித்த நாளில், காற்று ஓய்ந்த மாலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் இரவு முழுக்க உப்புக்கு நேரம் கொடுத்தது ஆகும். நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடலோர ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் உப்பு ஏறியிருக்கிறது. அந்த நீரை இலையில் தெளிப்பது உப்பின்மேல் உப்பு. குடிநீர் வடிகட்டிக்காரர்கள் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரால் பாருங்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டுதல்படி லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பாசனத்துக்குக் கவலையில்லை. 2000-ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு வேண்டும். இலையில் தெளிக்கக் குறைந்த அளவுள்ள நீரே நல்லது. மழைநீர்த் தொட்டி இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. வேரில் உப்பு சேர்ந்திருந்தால் நாள்தோறும் கொஞ்சம் ஊற்றுவதைவிட, இடைவெளி விட்டு நிறைய ஊற்றி உப்பைக் கீழே இறக்க வேண்டும். மணலில் இது சுலபம். மண்ணில் கலக்கத் தென்னைநார்க் கழிவு வாங்கினால் இரண்டு மூன்று முறை கழுவிய பிறகே பயன்படுத்துங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

நடுவதற்கு ஆவணி சரியான மாதம். மேல்காற்றுக் காலம் முடியாததால் கடற்காற்றின் ஆதிக்கம் குறைவு, மாலையில் இடிமழையும் கிடைக்கும். ஐப்பசி வருவதற்குள் வேர் பிடித்துவிடும். பழைய கொடிகளைக் கவாத்து செய்வதும் அப்போதுதான். புதுத் தளிர் முற்றுவதற்கு இரண்டு மாதம் கிடைக்க வேண்டும். பந்தல்மேல் கனம் குறைந்திருந்தால் புயலுக்குப் பிடி குறையும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையிலும், 2018 நவம்பர் 16-ல் கஜா வேதாரண்யம் அருகிலும் கரை கடந்தன. இந்தக் கரையில் புயல்கள் அதிகம் வரும் மாதங்கள் அவை.

கொடி வாங்கப் போகும் முன் ஒரு மாலை, உங்கள் வீட்டைவிடக் கடலுக்கு ஒரு தெரு முன்னால் இருக்கும் வீடுகளின் வேலிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்தக் கொடியின் கடல் பார்த்த பக்கம் சித்திரை வைகாசியிலும் பச்சையாக நிற்கிறதோ, அந்த வீட்டுக்காரரிடம் ஒரு பதியன் கேட்டு வாங்கி வையுங்கள். நர்சரியில் விலை கொடுத்து வாங்குவதைவிட அது நம்பகமானது.